புருவ மயிரும் பறக்கும் தட்டும்

"என்ர கண்ணால கண்டனான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேட்டவருக்கு அதற்குப் பிறகு நிம்மதி இல்லை. நம்பினால் நம்பியதற்குப் பொறுப்பு. நம்பாவிட்டால் எதிரே நிற்பவரைப் பொய்யர் என்றோ புத்தி பேதலித்தவர் என்றோ சொல்லாமற் சொன்ன பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே விசாரித்தல் என்று ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். கேட்பவர் தன் அறியாமையையும் கொஞ்சம் வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஆகையால் மனிதர் பெரும்பாலும் நம்பிவிடுகிறார்கள், அல்லது சிரித்துவிடுகிறார்கள்.

உலகத்தில் இந்தச் சிரிப்புக்கு அதிகம் ஆளானவர்கள் பறக்கும் தட்டைக் கண்டதாகச் சொன்னவர்கள். அமெரிக்க விமானப்படை 1969 வரை 'புளூ புக்' என்ற திட்டத்தின் கீழ் 12,618 முறைப்பாடுகளைப் பதிவு செய்தது. அவற்றில் 701 விளக்கம் காணப்படாமலே நின்றுவிட்டன. அந்தத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் அலன் ஹைனெக், 1966இல் மிச்சிகன் மக்கள் கண்ட ஒளியைச் சதுப்பு நிலத்து வாயுவாக இருக்கலாம் என்று சொல்லப்போய் நாடு முழுவதும் கேலிக்கு ஆளானார். கண்டவர்களை நோக்கி இருந்த சிரிப்பு ஒரு நாள் விசாரித்தவர் பக்கமும் திரும்பியது. பின்னாளில் அவர் சாட்சிகளைக் கூடுதல் மரியாதையோடு கேட்க வேண்டும் என்ற பக்கத்துக்கு வந்தார்.

என்றாலும் ஒரு வகைச் சாட்சிகளிடம் சிரிப்பு அவ்வளவு இலகுவாக வாய்க்காது. அணு ஏவுகணைத் தளங்களில் கடமையிலிருந்த படையினரைச் சொல்கிறேன். பயிற்சி பெற்றவர்கள், மனநிலை பரிசோதிக்கப்பட்டவர்கள், ஒரு நகரத்தை அழிக்கும் பொறுப்பை நம்பிக் கையிற் கொடுக்கப்பட்டவர்கள். அவர்கள் "கண்டோம்" என்றால்?

மொன்ரானா மாநிலத்தின் மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளம் இதற்குப் பேர்போனது. 1967 மார்ச் 16 அன்று அங்கு 'எக்கோ' என்று பெயரிட்ட பிரிவின் பத்து மினிட்மன் ஏவுகணைகளும் அடுத்தடுத்துச் செயலிழந்தன. இதற்கு ஆவணம் உண்டு. அதே மாதம் 24ஆம் திகதி வேறொரு பிரிவிலும் அப்படி நடந்தது என்று சொன்னவர் றொபர்ட் ஸாலஸ். நிலத்துக்குக் கீழே அறுபது அடி ஆழத்தில், ஏவுகணைகளின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த இளம் அதிகாரி அவர். மேலே வாயிற் காவலில் நின்றவர் தொலைபேசியில் அலறினாராம்: சிவப்பாகத் தகதகத்த ஒன்று வாயிலுக்கு மேலே அசையாமல் நிற்கிறது என்று. சற்று நேரத்தில் ஏவுகணைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. வாய் திறக்கக்கூடாது என்று ஒப்பம் வாங்கினார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில்தான் அவர் பேசத் தொடங்கினார். 2010 செப்டம்பரில் வாஷிங்டனில் வேறு முன்னாள் படையினரோடு சேர்ந்து பத்திரிகையாளர் முன்னும் சொன்னார்.

இதைக் கேட்கும்போது நம் பழைய ஆலிம்கள் வகுத்து வைத்த ஒரு பிரிவு எனக்கு ஞாபகம் வருகிறது. ஹதீஸ் அறிவிப்பாளரை எடைபோடும்போது அவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டார்கள். அவரது நேர்மை எப்படி என்பது ஒன்று. அதை அதாலத் என்றார்கள். அவரது ஞாபகமும் கவனமும் எப்படி என்பது மற்றது, அது ழப்த். ஒருவர் பேணுதலில் குறைவில்லாதவராக இருக்கலாம்; ஆனாலும் ஞாபகம் தளர்ந்தபின் அவர் சொன்னதை ஏற்கத் தயங்கினார்கள். அப்படித் தயங்கியதால் அவரைப் பொய்யர் என்று அவர்கள் கருதவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் இன்றைய விவாதங்கள் சண்டையாகின்றன. "அவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. அந்தக் கேள்வி அதாலத்தைத் தொடுகிறது. ழப்த் தொடப்படாமலே கிடக்கிறது.

ஸாலஸின் நேர்மையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் தான் அன்றிருந்த பிரிவு எது என்பதையே அவர் முதலில் எக்கோ என்றார், பிறகு நவம்பர் என்றார், கடைசியில் ஒஸ்கார் என்று உறுதி செய்தார். ஏறத்தாழ முப்பது வருஷம் வாய்மூடி வைத்திருந்த ஞாபகம் அது. மேலும், தகதகத்த பொருளை அவர் காணவில்லை. கண்டவர் மேலே நின்ற காவலர். ஸாலஸ் கேட்டவர். அறிவிப்பாளர் வரிசையில் ஒரு படி கீழே நிற்கிறார். பறக்கும் தட்டுப் புத்தகங்களில் இந்த ஒரு படி வெகு சுலபமாகக் காணாமற் போய்விடும்.

எக்கோ பிரிவைப் பற்றி அந்த நாளில் எழுதப்பட்ட படைப்பிரிவின் வரலாற்றுக் குறிப்பு, பறக்கும் பொருள் பற்றிய வதந்திகள் பொய்யென்று கண்டறியப்பட்டதாகச் சொன்னது. ஏவுகணைகளைத் தயாரித்த போயிங் நிறுவனத்தின் ஆய்வு, மின்சுற்றுக்குள் புகுந்த ஏதோவொரு துடிப்பை நோக்கி விரல் நீட்டியது. அந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது என்பது அப்படியே நின்றது. 2025 ஜூனில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் ஒரு செய்தி எழுதியது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தில் இந்த விஷயங்களை ஆராயும் அலுவலகம் கண்டுபிடித்ததாம்: வாயிலருகே அறுபது அடி உயரத்தில் ஒரு மேடை, அதில் மின்காந்தத் துடிப்பை உண்டாக்கும் கருவி, அது இயங்கும்போது கண்கூசும் செம்மஞ்சள் ஒளி. அணுகுண்டு வெடித்தால் உண்டாகும் துடிப்பைத் தங்கள் ஏவுகணைகள் தாங்குமா என்று சோதித்திருக்கிறார்கள். தாங்கவில்லை. இந்தப் பலவீனம் சோவியத் யூனியனுக்குத் தெரியக்கூடாதென்று தங்கள் ஆட்களுக்கே சொல்லாமல் விட்டார்கள்.

இந்தச் செய்தி உண்மையானால், ஸாலஸின் காவலர் கண்டது மெய். ஒளி மெய், ஏவுகணை செயலிழந்தது மெய், தொலைபேசியில் கேட்ட அலறலும் மெய். அதற்கு வைத்த பெயர் மட்டும் வேறு. அந்தப் பிழையான பெயருக்குக் குற்றவாளி கண்டவரல்ல. மேடையை நட்டவர் அறிந்திருந்தும் சொல்லவில்லை. தன் சொந்தப் படைவீரன் பல வருஷமாகக் கேலிக்கு ஆளாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸாலஸ் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அவருக்கு அதற்கு உரிமையும் உண்டு. ஏனென்றால் விளக்கமும் ஓர் அறிவிப்புத்தான். அறிவிப்பவர் முன்பு மறைத்தவர். ஹதீஸ் கலையில் தத்லீஸ் என்று ஒரு குற்றம் இருக்கிறது. பொய் சொல்வதல்ல அது. வரிசையில் உள்ள ஓட்டையைக் கேட்பவருக்குத் தெரியாதபடி மூடிச் சொல்வது. அப்படிச் செய்பவர் என்று பேர் வாங்கியவர் பிறகு ஒன்றை அறிவித்தால், "நான் நேரே கேட்டேன்" என்று அவர் வெளிப்படையாகச் சொன்னாலொழிய ஏற்கத் தயங்கினார்கள். இராணுவங்கள் எல்லாமே இந்த வகை அறிவிப்பாளர்கள் என்பது என் அபிப்பிராயம்.

விசாரிப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு பழைய கதை உண்டு. வரலாற்று நூல்களில் சொல்லப்படுவது. பஸராவில் மக்கள் பிறை பார்க்கக் கூடினார்கள். நூறு வயதை நெருங்கிய அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களும் அங்கிருந்தார்கள். "அதோ பிறை" என்று சுட்டிக் காட்டினார்கள். வேறு எவருக்கும் தெரியவில்லை. நபிகளாருக்குப் பணிவிடை செய்த ஸஹாபி சொல்கிறார், எப்படி மறுப்பது? எப்படி ஏற்பது? இயாஸ் இப்னு முஆவியா, பின்னாளில் பஸராவின் காழியாக இருந்து மதிநுட்பத்துக்குப் பேர் வாங்கியவர், அனஸ் அவர்களின் முகத்தைக் கவனித்தார். நரைத்த புருவ மயிர் ஒன்று வளைந்து கண்ணுக்கு முன்னால் விழுந்து கிடந்தது. அதை மெல்ல ஒதுக்கிச் சீர்செய்துவிட்டு, "இப்போது காட்டுங்கள்" என்றார். அனஸ் அவர்கள் பார்த்தார்கள். இப்போது தெரியவில்லை என்றார்கள்.

இயாஸ் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் விவாதிக்கவில்லை. சாட்சியின் கௌரவத்தில் கை வைக்கவுமில்லை. கண்டது உண்மை என்பதை ஒப்புக்கொண்டு, கண்ட பொருள் எங்கே இருக்கிறது என்று தேடினார். அது வானத்திலில்லை, புருவத்தில் இருந்தது. சாட்சியே இரண்டாம் முறை பார்த்துத் தன் வாயால் தீர்ப்புச் சொல்ல இடம்விட்டார். இதற்கு மேல் ஒரு புலன்விசாரணை இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் போன்ற ஒன்று நம் காலத்தில் இமயமலையில் நடந்தது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை லடாக்கின் பாங்கோங் ஏரிப் பக்கத்தில் இந்தியப் படையினர் 329 தடவை அடையாளம் தெரியாத ஒளிப்பொருள்களைக் கண்டு எழுதி வைத்தார்கள். அவற்றில் 155 இந்திய எல்லைக்குள் நுழைந்தன என்று கணக்கிட்டார்கள். மஞ்சள் நிற உருண்டை, சீனப் பக்கத்து அடிவானிலிருந்து எழும்பி, மணிக்கணக்காக வானத்தைக் கடந்து மறையும். சீனாவின் உளவு விமானம் என்றே எண்ணினார்கள். ராடர் கொண்டுபோய் வைத்தார்கள். ராடரில் ஒன்றும் விழவில்லை. ஆளில்லா விமானம் அனுப்பினார்கள், எட்டவில்லை. இரண்டு அணுவாயுத நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கும் எல்லையில் இது வேடிக்கையான விஷயமல்ல. ஒரு சார்ஜன்டுக்குக் கோபம் வந்திருந்தாற் போதும்.

கடைசியில் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டார்கள். அவர்கள் படையினரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தப் பொருள் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா, இல்லையா என்பதைக் கவனித்தார்கள். ஒன்று வெள்ளி, மற்றது வியாழன். நாலாயிரம் மீற்றருக்கு மேலான உயரத்தில் காற்று மெலிந்திருக்கும்; கோள்கள் வழமையைவிடப் பளிச்சென்று தெரியும். கண்ட சிப்பாய்கள் நல்ல சாட்சிகள். அவர்கள் நேரமும் திசையும் எழுதி வைத்திராவிட்டால் விஞ்ஞானிகளுக்கும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இதற்கு எதிர்ப்புறமான ஒன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வானத்தில் தெரிவதெல்லாம் வெள்ளியும் வியாழனும்தான் என்றாகிவிடும். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்காளத்திலும் இந்தியாவின் வடகிழக்கிலும் மக்கள் வானத்தில் விசித்திரமான ஒளியைக் கண்டார்கள். வேற்றுக் கிரகத்தவர் என்றவர்களும் உண்டு. அது அக்னி 5 ஏவுகணை. ஒடிசாக் கரைக்கு அப்பால் உள்ள தீவிலிருந்து அன்று ஏவினார்கள். அந்தத் தீவின் பெயர் 2015 முதல் அப்துல் கலாம் தீவு. நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றரில் இருக்கும் இராமேஸ்வரத்தில், ஒரு மரைக்காயர் குடும்பத்தில் பிறந்தவரின் பெயர் ஓர் ஏவுகணைத் தளத்துக்குச் சூட்டப்பட்டிருப்பதைப் பெருமை என்பதா வேறென்ன என்பதா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது. (ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும் ரொக்கெட்டுகள் நம் தீவுக்கு மேலால் பறக்காதபடி வளைந்து சுற்றிப் போகின்றன, அதில் எரிபொருள் வீணாகிறது. 2024 பெப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் புதிய தளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். இனிக் காயல்பட்டினத்தாரும் வானத்தைப் பார்த்து யோசிக்க வேண்டிவரும்.)

எங்கள் தீவகத்தாருக்கு வானத்து ஒளி ஒன்றும் புதிதல்ல. யுத்த காலத்தில் இரவில் மிதந்து இறங்கும் வெளிச்சத்துக்குப் பரா லைற் என்று பெயர் இருந்தது. குண்டு போட்ட சரக்கு விமானத்துக்குச் சகடை என்று பெயர். கிபிர் வருவதைச் சத்தத்தை வைத்தே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். கடற்படை முகாம்களுக்கு நடுவே வளர்ந்த மக்கள் வானத்தையும் கடலையும் வாசிக்கக் கற்றிருந்தார்கள். அவர்களிடம் போய் "நீங்கள் பிழையாகக் கண்டிருப்பீர்கள்" என்று சொல்வது கொஞ்சம் துணிச்சலான காரியம். ஆனால் சொன்னார்கள்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் கண்டோம் என்றார்கள். சத்தியக்கூற்றுக் கொடுத்தார்கள், சர்வதேச மன்னிப்புச் சபை அதை உலகத்துக்குச் சொன்னது. எந்த நீதிமன்றமும் இன்றுவரை எவரையும் தண்டிக்கவில்லை. மொன்ரானாக் காவலரின் சாட்சியத்தையும் குமுதினித் தாய்மாரின் சாட்சியத்தையும் ஒரே தராசில் வைப்பதா என்று யாராவது கோபிக்கலாம். ஒன்றில் போனது ஒரு மனிதரின் மரியாதை, மற்றதில் போனது உயிர்கள். அது எனக்குத் தெரியும். நான் வைப்பது கேட்டவர்களை. இரண்டு இடத்திலும் பதிவேடு இருந்தது முகாமில். சாட்சி நின்றது வெளியே. முகாம் வாய் திறக்கவில்லை.

நம் சமூகத்துக்கும் இது பழக்கமானதுதான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டதை, கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் புத்தளத்து முகாம்களில் இருந்து அவர்கள் சொன்னபோது, அதை மிகைப்படுத்தல் என்றவர்கள் இருந்தார்கள். நேற்றுவரை பக்கத்து வீட்டிலிருந்தவர் சாட்சி சொல்லவில்லை. காணாதது போலிருந்த கண்களும் அந்தக் கணக்கில் சேரும்.

2011 ஆகஸ்ட், றமழான் மாதம். நாட்டின் பல பாகங்களிலும் கிரீஸ் பூதம் என்ற பேச்சு. உடம்பில் கிரீஸ் பூசிய ஆட்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்றார்கள். பொத்துவில், கிண்ணியா, புத்தளம் என்று முஸ்லிம் ஊர்கள் விழித்துக் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் நாவாந்துறை மக்கள், துரத்திக்கொண்டு போனோம், இராணுவ முகாமுக்குள் ஓடினார்கள் என்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றது அரசாங்கம். பிறகு இராணுவம் ஊருக்குள் புகுந்து வீடுகளிலிருந்து ஆண்களை இழுத்தெடுத்து அடித்தது; அவர்களிற் பலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், அதே மாதம் புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையில் இறந்தார். மலையகத்தில் சந்தேகத்தின் பேரில் ஆட்களை அடித்துக் கொன்றார்கள். விசாரியாமல் நம்புவதும் இரத்தம் கேட்கும். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையினால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்து பிறகு வருந்த நேரும் என்ற கருத்தில் குர்ஆனின் நாற்பத்தொன்பதாவது அத்தியாயத்தில் வரும் கட்டளை மிம்பரில் அடிக்கடி ஓதப்படுவது. அந்த மாதம் அது எத்தனை பேர் காதில் ஏறியதோ.

இரண்டு வருஷம் கழித்து அதே கிண்ணியாவில் வேறொரு சாட்சியம். 2013 ஆகஸ்ட் 7 மாலை ஷவ்வால் பிறையைக் கண்டதாகச் சொன்னார்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஏற்கவில்லை. கிண்ணியாவிற் பலர் மறுநாள் பெருநாள் எடுத்தார்கள். நாடு அதற்கடுத்த நாள் எடுத்தது. அன்று மாலை பிறையின் வயது ஏறத்தாழ பதினைந்து மணித்தியாலம். வெறுங்கண்ணுக்கு மிகக் கடினம். கணிப்பு முடியாது என்று உறுதியாகச் சொன்னால் சாட்சியை ஏற்கலாகாது என்று நம் மத்ஹபின் இமாம் தகியுத்தீன் சுப்கி அந்தக் காலத்திலேயே எழுதியவர். மறுத்துச் சொன்னவர்களும் ஷாபிஈகள்தான். எவர் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. என் கவலை வேறு. கண்டவர்களை இருத்தி, எந்தத் திசை, எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நின்றது என்று பொறுமையாகக் கேட்டு, "இப்போது காட்டுங்கள்" என்று சொன்ன ஓர் இயாஸ் அன்று எங்கே இருந்தார்? அந்த நாட்களில் நான் கேட்ட பேச்சில் "பொய்ப் பிறை" என்ற சொல் அதிகம் இருந்தது. கடலில் தொழில் செய்பவனை அந்தச் சொல் எப்படிக் குத்தும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலர், முந்தைய நாள் இரவு வரிசையாக விளக்குகள் வானத்தில் போனதைக் கண்டோம் என்று வந்து சொன்னார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதச் சொன்னேன். எண்ணிக்கையில் ஒருவரும் ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டு என்றும் இருந்தது, நாற்பது என்றும் இருந்தது. பேய் என்று எழுதியவரும் உண்டு. ஆனால் எல்லோரும் ஒன்றை எழுதியிருந்தார்கள்: விளக்குகள் ஒரே இடத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. 2019 முதல் ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் செய்மதிகள் அவை. பூமியின் நிழலுக்குள் நுழையும் இடத்தில் அப்படித்தான் அணையும். அதை அந்தப் பிள்ளைகளுக்கு முன்பு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேய் என்று எழுதிய பிள்ளையின் தாளிலும் அந்த வரி இருந்தது.

ஆகக் கண்டவருக்கு ஒரு கடமை உண்டு. கண்டதையும் கண்டதற்குத் தான் வைத்த பெயரையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கும் கடமை உண்டு. அதை இயாஸ் காட்டிவிட்டார். மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அறிந்திருந்தும் பேசாதவர். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்ற கருத்து, கடன் எழுதுவது பற்றிய நீண்ட வசனத்துக்கு அடுத்தே குர்ஆனில் வருகிறது. கலிமாவுக்கும் நீதிமன்றச் சாட்சியத்துக்கும் ஷஹாதத் என்ற ஒரே சொல் வழங்கும் மார்க்கத்தில் இது சிறிய விஷயமாக இருக்க முடியாது. நாட்டின் பாதுகாப்புக்காக மறைத்தோம் என்பார்கள். யுத்தத்தில் எதிரியிடமிருந்து மறைப்பதை நான் மறுக்கவில்லை. சோவியத் யூனியன் 1991இல் இல்லாமற் போய்விட்டது. அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமிருந்து மறைத்தார்கள்?

றொபர்ட் ஸாலஸ் எண்பதைக் கடந்துவிட்டார். குமுதினியில் தப்பிய பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். நாவாந்துறையில் அந்த இரவு முகாமின் வாயிற் காவலில் நின்றவர் யார், எத்தனை மணிக்கு யார் உள்ளே வந்தார் என்பது ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.